பூட்டனுக்கு எத்தனை கல்யாணம்? முரண்படும் குடும்ப ஆவணங்களில் விடை தேடும் வழி

குடும்ப வரலாறு எழுத உட்காருகிறவர்களில் பலர் மூன்றாம் தலைமுறைக்கு வந்ததும் சிக்கிக்கொள்கிறார்கள். பூட்டனாருக்கு ஒரே மனைவி, ஐந்து பிள்ளைகள் என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்திருப்பார்கள். பீரோவின் அடியிலிருந்து எடுத்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கேள்விப்படாத ஓர் அம்மாளின் பெயர் பாரியாள், அதாவது மனைவி, என்று எழுதியிருக்கும். மூத்த பிள்ளையின் பிறந்த வருஷத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பூட்டிக்கு அப்போது ஒன்பது வயதுதான் வரும். பெரியத்தை ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார்.

இந்த இடத்தில் ஏதோ ஒரு தாளை நம்பி மற்றதை ஒதுக்கிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். தாள்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் பெரும்பாலும் ஒரு பெண் மறைந்திருக்கிறாள். பிரசவத்தில் இறந்துபோன மூத்த தாரமாக இருக்கலாம், பிள்ளை இல்லை என்று பிறந்த வீட்டுக்கே அனுப்பப்பட்டவளாக இருக்கலாம், பினாங்கிலோ கண்டியிலோ தனிக் குடும்பம் நடத்தியவளாக இருக்கலாம். அவளைக் கண்டுபிடித்துப் பெயரோடும் ஊரோடும் எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கான வழிமுறையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சட்டப் பின்னணி

நம் பூட்டன்மார் காலத்தில் இந்து ஆண் ஒருவர் முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே இன்னொருவரை மணப்பது குற்றமல்ல. சென்னை மாகாணத்தில் 1949இல் வந்த இருதார மணத் தடைச் சட்டம்தான் அதை நிறுத்தியது. நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955 மே 18 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1949க்கு முந்தைய பத்திரத்தில் இரண்டு பாரியாள் பெயர் இருந்தால் அது எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள். அந்தத் தேதிகளுக்குப் பின் நடந்த இரண்டாம் கல்யாணம் என்றால் காகிதத்தில் அது மறைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தேடும் முறையும் மாறும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் கல்யாணப் பதிவு கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முன் இந்துக் குடும்பங்களில் பதிவுச் சான்று என்பதே அபூர்வம். பூட்டனின் கல்யாணச் சான்றிதழைத் தேடி அலைவதில் பயனில்லை. அவருடைய கல்யாணத்தைப் பிள்ளைகளின் பிறப்பு, சொத்து, சாவு, சீர் ஆகியவற்றின் வழியாகத்தான் பிடிக்க முடியும்.

பெரியவர்களிடம் பேசும்போது

எந்தத் தாளையும் தொடுவதற்கு முன் வீட்டில் மிக வயதான பெண்களிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் நிலத்தை நினைவில் வைத்திருப்பார்கள், பெண்கள் உறவை நினைவில் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை இது பெரும்பாலும் பொய்க்காது.

முதல் வார்த்தையிலேயே, சொத்துக்காகக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். மூத்தாள் பிள்ளைகள், இளையாள் பிள்ளைகள் என்ற பேச்சு எழுந்தாலே, பங்கு கேட்டு யாரோ வருகிறார்கள் என்ற பயம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை உண்மையான பதில் வராது.

“தாத்தாவுக்கு எத்தனை பொண்டாட்டி?” என்று நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். வேறு மாதிரி கேளுங்கள். பெரிய தாத்தாவுக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைத்தார்கள்? பெரியத்தை சடங்கானபோது தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது? சின்னத்தை கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுவந்தவர் யார்? பாட்டி செத்தபோது பிறந்த வீட்டுக் கோடி யார் போட்டார்கள்?

ஒரே அப்பாவின் பிள்ளைகளில் இருவருக்கு ஓர் ஊரிலிருந்தும் மற்ற மூவருக்கு வேறோர் ஊரிலிருந்தும் மாமன் சீர் வந்திருக்கிறது என்றால் தாய்மார் இருவர் என்று சந்தேகிக்க வலுவான காரணம் கிடைத்துவிட்டது. பெயரை மறைத்தவர்கள்கூடச் சீரை மறைக்க மாட்டார்கள். யார் என்ன செய்தார்கள் என்பது அந்த வீட்டின் கௌரவக் கணக்கு. பழைய மொய் நோட்டு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாமன் வீட்டு மொய்யும் அவர்கள் ஊரும் அதில் இருக்கும்.

உறவுப் பெயர்களில் கொஞ்சம் கவனம் தேவை. சின்னம்மா, சித்தி என்றால் அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், அப்பாவின் இளைய தாரமாகவும் இருக்கலாம். அக்காள் இறந்ததும் குழந்தைகளை வளர்க்கத் தங்கையையே கட்டிவைப்பது வழக்கம் என்பதால் ஒரே பெண் இரண்டுமாகவும் இருப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் தாய்மாமன் சீர் ஒரே ஊரிலிருந்துதான் வரும். ஆகவே சீர் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரே தாய் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

ஒரு காலக்கோடு போடுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுபக்கம் வருஷம், நடுவில் நிகழ்வு, வலதுபக்கம் அது எந்தத் தாளில் இருக்கிறது, அதை யார் எப்போது எதற்காக எழுதினார்கள் என்பது. இந்த வலதுபக்கத்தை விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லா வேலையும் அதை நம்பித்தான் நடக்கிறது.

கோட்டை நிரப்பியதும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். இரண்டு இரண்டு வருஷ இடைவெளியில் பிறந்துவந்த பிள்ளைகளுக்கு நடுவே திடீரென்று ஆறேழு வருஷ இடைவெளி இருக்கிறதா? அங்கே ஒரு மனைவி இறந்து இன்னொருவர் வந்திருக்கலாம். குழந்தைகள் பிறந்து இறந்ததும் இடைவெளியாகத் தெரியும், கணவர் ரங்கூனில் இருந்ததும் இடைவெளியாகத் தெரியும். எனவே இது துப்பு மட்டும்தான். இரண்டாவது, இரு பிள்ளைகள் நான்கைந்து மாத இடைவெளியில் பிறந்ததாக இருக்கிறதா? தேதிகள் சரி என்றால் மனைவியர் இருவர் ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள். மூன்றாவது, தாய்க்குச் சொல்லப்படும் வயதும் மூத்த பிள்ளையின் வயதும் பொருந்துகின்றனவா?

வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய தேதிதான் பலருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கிறது. இறப்புச் சான்றில் உள்ள வயது பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னது. பெண்ணுக்குப் பதினான்கு வயது நிறைய வேண்டும் என்ற குழந்தை மணத் தடைச் சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதையொட்டிய காலத்துக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் வயதைக் கூட்டிச் சொல்லக் காரணம் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றுவது

இங்கேதான் நிறையப் பேர் ஒரு வருஷம் பிசகுகிறார்கள். ஜாதகக் கட்டிலும் பழைய கணக்கு நோட்டிலும் “சுக்கில வருஷம் தை மாதம்” என்றுதான் இருக்கும். அறுபது வருஷச் சுழற்சியில் சுக்கில 1869இல் ஒருமுறை, 1929இல் ஒருமுறை, 1989இல் ஒருமுறை வருகிறது. எந்தச் சுழற்சி என்பதை ஆளின் காலத்தை வைத்துத் தீர்மானிக்கலாம். ஆனால் வருஷம் பிறப்பது சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். ஆகவே சுக்கில வருஷம் தை என்றால் 1930 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. தை மாதத்தில் கல்யாணம் அதிகம் என்பதால் இந்தத் தவறும் அதிகம் நடக்கிறது. கிழமையோ நட்சத்திரமோ திதியோ சேர்த்து எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள், சுழற்சி சரியா என்பது தெரிந்துவிடும்.

நிலக் கணக்கில் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591ஐயும் கூட்டுங்கள். பசலி 1339 என்பது 1929 ஜூலை முதல் 1930 ஜூன் வரை. நாகர்கோவில் பக்கத்துத் தாள்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆவணியை ஒட்டிப் பிறக்கிறது, 824 அல்லது 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1105 மேலே சொன்ன அதே தை மாதத்தை உள்ளடக்கியது. மூன்று தாள்களில் மூன்று கணக்கில் இருந்த தேதிகள் மாற்றிப் பார்த்ததும் ஒன்றாகிவிடுவது உண்டு. முரண் என்று நினைத்தது முரணே இல்லை என்று அப்போது தெரியும்.

தலைப்பிரசவம் நடந்த ஊர்

இந்த வழிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் நம் வழக்கமே இங்கே சாட்சி சொல்கிறது.

முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். அதனால் மூத்த குழந்தையின் பிறப்பு, கணவர் ஊர்ப் பதிவேட்டில் இருக்காது, அவளுடைய பிறந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். அடுத்தடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் கணவர் ஊரில் பிறப்பார்கள். இப்போது உங்கள் காலக்கோட்டைப் பாருங்கள். முதல் பிள்ளை ஓர் அயலூரில், இரண்டாவது சொந்த ஊரில், மூன்றாவது திடீரென்று இன்னொரு அயலூரில் பிறந்திருந்தால், அந்த மூன்றாவது ஊரைத் தேடிப் போங்கள். இளைய தாரத்தின் தலைப்பிரசவம் அங்கே நடந்திருக்கலாம்.

மூத்த தாரம் பிரசவத்தில் இறந்திருந்தால் அவளுடைய இறப்புப் பதிவும் தாய் வீட்டு ஊரில்தான் இருக்கும். கணவர் ஊர்ப் பதிவேட்டை முழுவதும் புரட்டிவிட்டு, அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று சொல்லிவிடுவது இதனால்தான் நடக்கிறது. பல மூத்த தாரங்கள் பெயரே இல்லாமல் போனதற்கு, அவர்கள் பிறந்த ஊரில் தேடாததே காரணம்.

பழைய கிராமப் பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். நகராட்சி, பேரூராட்சி என்றால் அங்கேயே கேளுங்கள். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் வெறுமையாக இருப்பது சகஜம். பதிவு செய்த பிறகுதானே பெயர் வைக்கிறார்கள். குழந்தையின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லாமல் தகப்பன் பெயர், தாய் பெயர், உத்தேச வருஷம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். தேதி உறுதியில்லை என்றால் முன்னும் பின்னும் இரண்டு வருஷம் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் பதிவு இல்லை என்ற சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லை என்றால் ஆள் இல்லை என்று பொருளல்ல. கிராமத்தில் பதிவாகாமல் போன பிறப்பும் இறப்பும் எத்தனையோ.

பத்திரங்களை உறவுக்காகப் படியுங்கள்

சொத்துப் பத்திரத்தை நிலத்துக்காக மட்டுமே படித்துப் பழகியிருக்கிறோம். உறவைத் தேடுகிறவருக்கு முதல் பக்கம்தான் முக்கியம். இன்னார் குமாரர், இன்னார் பாரியாள், இன்னார் குமாரத்தி, வயது, ஊர் எல்லாம் அங்கே இருக்கும். விதவை என்றால் “காலஞ்சென்ற” என்ற சொல் கணவர் பெயருக்கு முன்னால் வந்திருக்கும். அதை வைத்துக் கணவரின் இறப்புக்கு ஒரு கடைசி எல்லை கிடைக்கும்.

எல்லாவற்றிலும் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் சிறந்தது. மைனர் பிள்ளைகளுக்குத் தாய் கார்டியனாகக் கையெழுத்தோ ரேகையோ வைத்திருப்பார். எந்தத் தாய் எந்தப் பிள்ளைகளுக்குக் கார்டியன் என்பதைப் பார்த்தாலே குடும்பம் இரண்டு கிளையாகப் பிரிந்து தெரியும். “மூத்த பாரியாள் வயிற்றில் பிறந்த” என்ற மாதிரி வாசகம் நேரடியாகவே இருப்பதும் உண்டு. தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரமும் ஜீவனாம்சத்துக்காக நிலம் எழுதிக்கொடுத்த செட்டில்மெண்ட்டும் அடுத்து. பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு எழுதிக்கொடுத்த ஜீவனாம்சப் பத்திரம், அவள் மனைவி என்று கணவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல். அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

சட்டத்தையும் கையோடு வைத்துப் படிக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், விதவைகள் ஒருவருக்கு மேல் இருந்தால் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பங்கு என்கின்றன. அதனால் ஒரே பங்கில் இரண்டு பெண்களின் பெயர் சேர்ந்து வந்தால் அவர்கள் தாயும் மகளும் என்றோ அக்காள் தங்கை என்றோ ஊகிப்பதற்கு முன் சக்களத்திகளா என்று பாருங்கள். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பம் என்றால் கதை வேறு. அங்கே அந்தக் காலத்தில் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போனது, மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்று ஒரு பகுதி கிடைத்தது. அந்த உகந்துடைமை பற்றிய தாளில்தான் மனைவியரைத் தேட வேண்டும்.

பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 1 புத்தகம் என்று சொல்லும் பதிவேட்டில் அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல்கள் இருக்கும். அதற்கு ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக இன்னோர் அட்டவணையும் உண்டு. வில்லங்கச் சான்று கேட்கிறவர்கள் சர்வே எண்ணைக் கொடுப்பார்கள். உங்களுக்கு வேண்டியது ஆள் என்பதால் பெயர் அட்டவணையில் தேட மனு கொடுங்கள். பூட்டன் பெயரோடு பூட்டியின் அப்பா பெயரையும் தேடுங்கள், மகளுக்கு அவர் எழுதிக்கொடுத்த தானம் அகப்படலாம். பதிவான உயில்கள் 3 புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதன் நகல் மற்றவர்களுக்குக் கிடைக்காது. அவர் இறந்த பிறகு யார் மனு செய்தாலும் கொடுக்கலாம் என்று பதிவுச் சட்டமே சொல்கிறது. பலருக்கு இது தெரியாது.

கோர்ட்டுக்குப் போன குடும்பம் என்றால் கட்டுக்கட்டாகச் செய்தி கிடைக்கும். கணவர் மறுமணம் செய்துகொண்டால் மனைவி தனியாக வாழ்ந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1946இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிந்தைய வழக்குகளில் இரண்டு கல்யாணத்தின் விவரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் வழக்கில் எதிர்த்தரப்பு சொல்லும் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்கு கொடுக்க மனமில்லாதவர்கள் தாலி கட்டிய மனைவியையும் “வைப்பு” என்றே கோர்ட்டுத் தாளில் எழுதுவார்கள். வேறு சாதியில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். தீர்ப்பில் நீதிபதி என்ன முடிவுக்கு வந்தார் என்பதைப் படிக்காமல் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம்.

கோயில், சர்ச், ஜமாஅத்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் கொடுப்பினை உண்டு. சர்ச் கல்யாணப் பதிவேட்டில் மணமக்களின் தகப்பன் பெயர், பங்கு (அவர்கள் சேர்ந்த சர்ச் வட்டாரம்), சாட்சிகள் எல்லாம் இருக்கும். ஏற்கெனவே மணமாகித் துணையை இழந்தவர் என்றால் அந்தக் குறிப்பும் இருக்கும். கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தையும் பாருங்கள். கல்யாணம் நடந்ததை அந்த ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி 1908 முதல் இருக்கிறது. வழக்கமாக மணப்பெண்ணின் பங்கில்தான் கல்யாணம் நடக்கும், கல்யாணத்தை முன்கூட்டிச் சர்ச்சில் அறிவிக்கும் ஓலை வாசிப்பு இருவர் பங்கிலும் நடக்கும். மணமகன் பங்கில் கல்யாணம் கிடைக்கவில்லை என்றால் பெண்ணின் பங்கைத் தேடுங்கள். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். பங்குத்தந்தையிடம் பொறுமையாகக் கேட்டால் படித்துச் சொல்வார்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடான நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது. மணமகன் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகை, பெண் சார்பில் நிற்கும் வக்கீல், சாட்சிகள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நகரத்தார் என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று தெரிந்துகொண்டு புள்ளிக் கணக்கைக் கேளுங்கள். கல்யாணமானதும் தம்பதியை ஒரு புள்ளியாகச் சேர்ப்பார்கள். அங்கே பிள்ளை கூட்டியதும், அதாவது சுவீகாரமும், கவனிக்க வேண்டியது. சுவீகாரம் போன பிள்ளையை இளைய தாரத்துப் பிள்ளை என்று எழுதிவிடக் கூடாது.

மற்ற குடும்பங்களில் தாளே இல்லை என்றால் சடங்கைப் பாருங்கள். கணவருக்கு முன்னால் இறந்த மனைவியைச் சுமங்கலியாகக் கொண்டு வீட்டில் நினைப்பார்கள். சில வீடுகளில் அது சுமங்கலிப் பிரார்த்தனை, வட மாவட்டங்களில் பல வீடுகளில் பூவாடைக்காரி படையல். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புடவை வைத்துப் படைப்பார்கள். இளையாள் வழிப் பேத்திகள்கூட யாருக்கென்று தெரியாமலே அந்தப் படையலைத் தொடர்ந்து செய்துவருவதுண்டு. “இது யாருக்காக வைக்கிற புடவை?” என்று கேளுங்கள். தர்ப்பணம் செய்யும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சாஸ்திரிகளிடம் எழுதிக்கொடுத்திருப்பார்கள். அந்தச் சீட்டில் மாற்றாந்தாயின் பெயரும் வந்திருக்கலாம். எந்தப் பத்திரமும் காப்பாற்றாத பெயரை இந்தச் சடங்குகள் காப்பாற்றியிருக்கின்றன.

கடல் கடந்து போனவர்கள்

ஊரில் ஒரு குடும்பம், மலாயாவிலோ பர்மாவிலோ இலங்கையிலோ ஒரு குடும்பம் என்பது அரிதல்ல. மலேசியாவில் முஸ்லிமல்லாதோர் கல்யாணத்துக்கான சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஒரு மணமே, அதுவும் பதிவோடு என்றானது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவை ஏராளம். அங்கே பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் உள்ள தாய் பெயர்தான் பிடிமானம்.

இலங்கைப் பிறப்புச் சான்றில் பெற்றார் விவாகஞ் செய்தவர்களா என்றே ஒரு கேள்வி இருக்கும். அதற்கு “இல்லை” என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்களுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களிடம் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் இருக்கும். யார் யார் ஒரே குடும்பமாகக் கணக்கிடப்பட்டார்கள் என்பது அதில் தெரியும். பர்மாவிலிருந்து 1942இல் நடந்து வந்தவர்களின் விஷயம் துயரமானது. வழியில் இறந்த மனைவி மக்களுக்குத் தாள் எதுவும் கிடையாது. அங்கே வாய்மொழியையே ஆவணமாக மதித்து, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதிவையுங்கள்.

ஒன்று இரண்டாகத் தெரியும் இடங்கள்

இல்லாத கல்யாணத்தைச் சேர்த்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தம்பதி மாலையும் கழுத்துமாக நிற்கும் படம் அறுபதாம் கல்யாணமாக இருக்கலாம். பால்ய விவாகம் நடந்த காலத்தில் கல்யாணம் ஒரு தேதி, சாந்தி முகூர்த்தம் சில வருஷம் கழித்து இன்னொரு தேதி. இரண்டையும் வீட்டில் “கல்யாணம்” என்றே சொல்லியிருப்பார்கள். விசாவுக்காக முப்பது வருஷம் கழித்துப் பதிவு செய்தவர்கள் உண்டு. மதம் மாறியபின் சர்ச்சில் மறுபடி மணந்தவர்கள் உண்டு.

மூன்றாம் தாரம் ஆகாது என்ற நம்பிக்கையில், மூன்றாவதாக எருக்கஞ்செடிக்கோ வாழைக்கோ தாலி கட்டிவிட்டுப் பெண்ணை நான்காவதாகக் கட்டும் வழக்கம் இருந்தது. “எங்க தாத்தாவுக்கு நாலு கல்யாணம்” என்று யாராவது சொன்னால் நாலாவது மனைவியைத் தேடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக இருந்தால் மருமகளை வேறு பெயரில் கூப்பிடுவார்கள். பத்திரத்தில் மீனாட்சி, வீட்டில் ராஜம் என்று ஒருத்தியே இருவராகத் தெரிவாள். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே ஊரில் பங்காளிகளுக்குள்ளேயே ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ளவர்கள் இருப்பார்கள். பத்திரத்தில் உள்ளவர் உங்கள் பூட்டன்தானா என்பதைத் தகப்பன் பெயர், நிலத்தின் எல்லைகள், சாட்சிகள் ஆகியவற்றை வைத்து உறுதிசெய்யாமல் அவருடைய மனைவியை உங்கள் மரத்தில் சேர்க்காதீர்கள்.

டி.என்.ஏ. சோதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் பாதி அளவும், தாய் வேறான உடன்பிறப்புகள் கால்வாசி அளவும் பகிர்வார்கள் என்பது பொதுக்கணக்கு. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிய நம் குடும்பங்களில் பகிர்வு கூடிக் காட்டும். மூன்று தலைமுறை தள்ளிப் போய்விட்டால் அதை மட்டும் நம்பி மனைவியரைப் பிரிக்க முடியாது.

எடை போடுவது எப்படி

தொடக்கத்தில் சொன்ன சிக்கலையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் 1920, 1923, 1930, 1932, 1935 ஆகிய வருஷங்களில் பிறந்ததாகப் பள்ளித் தாள்கள் சொல்கின்றன. பூட்டியின் இறப்புச் சான்று 1989இல், வயது 78. ஆக அவர் பிறந்தது 1911, மூத்த பிள்ளை பிறந்தபோது ஒன்பது வயது. நடக்காத காரியம்.

இதை வைத்தே இரண்டு மனைவி என்று எழுதிவிடலாமா? கூடாது. 78 என்பது பேரன் சொன்ன வயது. பத்து வயது பிசகியிருந்தால் 1920இல் அவருக்குப் பத்தொன்பது, ஐந்து பிள்ளைகளும் அவருடையவையாகவே இருக்கலாம். அடுத்த தாள், 1949ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை. முதல் மூவர் மேஜர், தாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசி இருவருக்குப் பூட்டி கார்டியன். இதுவும் போதாது, மேஜர்களுக்குக் கார்டியன் தேவையில்லையே. அதே பத்திரத்தில் முதல் இருவரை இன்னொரு அம்மாளின் பிள்ளைகள் என்று சொல்லும் வாசகம்தான் தீர்க்கிறது. சம்பந்தப்பட்ட எல்லோரும் இருந்து, சொத்தைப் பணயமாக வைத்து, பதிவாளர் முன் ஒப்புக்கொண்ட வாசகம் அது. அதோடு கணக்கு நோட்டில் பூட்டியின் கல்யாணத்துக்கு எழுதியுள்ள சுக்கில வருஷம் தை, 1930 தொடக்கத்துக்கு வருகிறது, மூன்றாவது பிள்ளை அந்த வருஷக் கடைசியில். முதல் இருவருக்கு வேறு ஊர் மாமன் சீர். இப்போது எழுதலாம்: மூத்த தாரத்தின் மணம் 1920க்கு முன், இறப்பு அல்லது பிரிவு பெரும்பாலும் 1923க்கும் 1930க்கும் இடையில், இளைய தாரத்தின் மணம் 1930 தொடக்கத்தில். பூட்டியின் வயதும் சரியாகவே சொல்லப்பட்டிருக்கலாம் என்று பிறகுதான் தெரிகிறது.

தாளின் எண்ணிக்கையைப் பார்த்து எடை போடாதீர்கள். ஒரே பேரன் சொன்னது வாரிசுச் சான்றிலும் இறப்புச் சான்றிலும் கல்லறைக் கல்லிலும் வந்திருந்தால் அது மூன்று சாட்சியல்ல, ஒரே சாட்சிதான். சம்பவத்துக்கு அருகில் எழுதியதா, தெரிந்தவர் சொன்னதா, பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருந்ததா என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். ஒரே தாளில் ஒரு வரி உறுதியாகவும் இன்னொரு வரி வெறும் ஊகமாகவும் இருக்கும். இறப்புச் சான்றில் இறந்த தேதியை நம்பலாம், வயதை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

எழுதிவைக்கும்போது

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மனைவியின் பெயர், பிறந்த ஊர், தகப்பன் பெயர், மணமான காலம், அது முடிந்த விதம், பிள்ளைகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “உறுதி”, “பெரும்பாலும்”, “வாய்மொழி” என்று குறியுங்கள். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒருவருக்குப் பல மனைவியரையும், யார் வயிற்றுப் பிள்ளை யார் என்பதையும் தனித்தனியாகப் பதியலாம்.

உயிரோடிருப்பவர்களின் விவரத்தை இணையத்தில் போடாதீர்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தன்னை வளர்த்தவரையே பெற்றவர் என்று நம்பிக்கொண்டிருந்தால், உங்கள் கண்டுபிடிப்பை அவர் பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள். எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

பெயர் கிடைக்கவே இல்லை என்றாலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். “மூத்த தாரம், பெயர் தெரியவில்லை, இன்ன ஊர்க்காரர், 1930க்கு முன் இறந்திருக்கலாம், பிள்ளைகள் இருவர்” என்று எழுதுங்கள். அடுத்து தேடுகிறவர் எந்த ஊருக்குப் போக வேண்டும், எந்த வருஷங்களைப் புரட்ட வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கும்.